மராக்கேஷ் சந்தையில் மூன்று நாட்கள்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் எனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் தயங்கினேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் எழுதிவரும் குமாஸ்தாவுக்கு வரலாறு எழுதும் தகுதி ஏது? "சென்ற ஆண்டு மொராக்கோ தேசம் போய் வந்தீர்களே, அதையே எழுதுங்கள். நம் காலனியில் வேறு யார் அங்கே போயிருக்கிறார்கள்?" என்று அவர் விடாமல் கேட்டதனால் எழுதத் துணிந்தேன். கண்ணால் கண்டதையும், காண்பதற்கு முன்னும் பின்னும் படித்து அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். குறை காணின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் மனைவியின் தம்பி காசாபிளாங்கா நகரில் வேலை பார்க்கிறார். "அத்தான், நீங்களும் அக்காவும் ஒருமுறை வந்து போங்கள்" என்று ஆண்டுதோறும் அழைத்தவர், சென்ற ஆண்டு பயணச் சீட்டையே அனுப்பிவிட்டார். பத்து நாட்கள் அங்கே தங்கினோம். அவற்றுள் மூன்று நாட்கள் மராக்கேஷ் நகருக்கென ஒதுக்கப்பட்டன.

மொராக்கோ என்பது நம்மவர்க்குத் தொலைவான பெயராகத் தோன்றலாம். ஆனால் எங்கள் சரக்குக் கொட்டகையில் இறங்கும் உர மூட்டைகளை நான் இத்தனை காலம் எண்ணி எழுதியிருக்கிறேன். நம் நாடு உரத்துக்காக வாங்கும் பாஸ்பேட்டில் கணிசமான பங்கு அந்நாட்டிலிருந்து வருவதே. அலுவலகத்தில் என் அடுத்த மேசைக்காரர் உருது படித்தவர். "நீர் போவது மராகஷ் நாட்டுக்கா?" என்று கேட்டார். மராக்கேஷ் நகரத்துக்கு என்றேன். உருதுவில் நாட்டுக்கே அதுதான் பெயர் என்று விளக்கினார். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, ஐரோப்பியர் நாவில் திரிந்து வந்த 'மொராக்கோ' என்ற சொல்லும் மராக்கேஷ் என்ற பெயரின் மறுவடிவமே என்பது. ஒரு சந்தை நகரின் பெயரே ஒரு தேசத்துக்குப் பெயராயிற்று.

ரயில் வழி

காசாபிளாங்காவிலிருந்து மராக்கேஷ் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ரயிலில் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். ரயில்வேக்காரன் ஆகையால் என் கண் முதலில் தண்டவாளத்தையே பார்த்தது. பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதலில் இட்டவை 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ராணுவப் பாதைகள், ஏறக்குறைய நம் டார்ஜிலிங் மலைப் பாதையின் அகலம். அகலமான பாதைகள் பின்னர் வந்தன. அதே நாட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் தாஞ்சியருக்கும் காசாபிளாங்காவுக்கும் இடையே, மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் செல்லவல்ல ரயில் ஓடுகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அதிவேக ரயில் முதன்முதல் ஓடியது அங்கேதான். அதனை மராக்கேஷ் வரை நீட்டும் பணி 2025-இல் தொடங்கிற்று.

எங்கள் வண்டி அத்தனை விரைவானதன்று. அதுவும் நன்மைக்கே. செம்மண் சமவெளியைக் கண்ணாரப் பார்க்க முடிந்தது. வழி முடியும் தறுவாயில், தெற்கே வானத்தின் அடியில் வெண்மையாக ஒன்று தெரிந்தது. மேகம் என்றேன். "மேகமல்ல அத்தான், அட்லஸ் மலையின் பனி" என்றார் மைத்துனர். அம்மலைத் தொடரின் உயர்ந்த சிகரமான தூப்கால் 4,167 மீட்டர் உயரமுடையது. அந்தப் பனி இல்லையேல் அந்த நகரமும் இல்லை என்பதை மறுநாள் அறிந்துகொண்டேன்.

நகரம் பிறந்த கதை

மராக்கேஷை நிறுவியவர்கள் அவ்விடத்தின் பூர்வ குடிகள் அல்லர். சஹாரா பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தும் உப்பு வாணிபம் செய்தும் திரிந்த சன்ஹாஜா என்னும் பெர்பர் இனக்குழுவினர் அவர்கள். பெர்பர் என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை அமாசிக் என்றே சொல்லிக்கொள்வர். அல்மொராவித்துகள் என வரலாற்றில் அறியப்படும் இவர்கள் பாலைவனத்திலிருந்து வடக்கே வந்து, முதலில் மலையடிவாரத்து அக்மாத் என்ற ஊரில் தங்கினர். அவ்வூர் வந்தேறிகளுக்கு இடம் போதாமல் நெருக்கடிப்பட்டது. ஆகவே சுமார் 1070-ஆம் ஆண்டில், வெறும் சமவெளியில், அபூபக்கர் இப்னு உமர் என்னும் தலைவர் ஒரு கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். பாலைவனத்தில் கலகம் எழவே, ஆட்சியைத் தம் உறவினர் யூசுப் இப்னு தாஷ்பினிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். யூசுப்பும் அவர் மகன் அலியும் அந்தப் பாசறையை ஒரு பேரரசின் தலைநகராக்கினர். மேற்கு சஹாராவிலிருந்து ஸ்பெயின் வரை அந்த அரசு பரவியது.

காரணம் வணிகம். தெற்கே நைஜர் ஆற்று நாடுகளில் பொன் உண்டு, உப்பு இல்லை. சஹாராவின் நடுவே உப்புச் சுரங்கங்கள் உண்டு. வடக்கே துணியும் செம்பும் தானியமும் உண்டு. இம்மூன்றையும் இணைத்த ஒட்டகப் பாதைகளின் வடகோடியில் அமர்ந்தது மராக்கேஷ். எங்கள் மொழியில் சொன்னால் அது ஒரு பெரிய ஜங்ஷன். அல்மொராவித்துகள் அடித்த பொற்காசு அவ்வளவு நம்பிக்கை பெற்றிருந்தது என்பதற்கு ஒரு சான்று: ஸ்பெயினில் நெடுங்காலம் வழங்கிய 'மராவெதி' என்னும் நாணயத்தின் பெயர் இவர்களது பெயரிலிருந்தே வந்தது.

நிலத்தின் கீழே ஓடிய ஆறு

பொன் வந்தால் மட்டும் நகரம் வாழுமா? குடிநீர் வேண்டுமே. எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அட்லஸ் மலைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அரண்மனைகளைக் காட்டுவதற்கு முன்பே எங்களை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று, தரையில் வரிசையாக இருந்த பள்ளங்களைக் காட்டினார். ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் மண் குவிந்திருந்தது, எறும்புப் புற்றுகள் ஒரே வரிசையில் அமைந்தாற்போல.

அவை 'கெத்தாரா' எனப்படும் நிலத்தடிக் கால்வாயின் கிணறுகள். மலைப்பனி உருகி நிலத்துள் இறங்கும் நீரை, அடிவாரப் பக்கத்தில் ஆழத்தில் பிடித்து, மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டி, ஏற்றமோ விலங்கோ இல்லாமல் நகரத்துத் தோட்டங்களில் தானே மேலெழச் செய்வது இதன் முறை. வெயிலில் நீர் ஆவியாவதும் இல்லை. இடையிடையே உள்ள கிணறுகள் மண்ணை அள்ளவும் தூர் வாரவும் பயன்பட்டன. அலி இப்னு யூசுப்பின் காலத்தில் உபைத் அல்லாஹ் இப்னு யூனுஸ் என்னும் பொறியாளர் இதனை இங்கே அமைத்தார் என்று, 12-ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்-இத்ரீசி எழுதி வைத்திருக்கிறார். ஒரு சுல்தானின் பெயரோடு ஒரு பொறியாளரின் பெயரும் தப்பிப் பிழைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இக்கால்வாய்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கு நீர் தந்தன. பம்பு வைத்த ஆழ்கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் இறங்கவே, 20-ஆம் நூற்றாண்டில் அவை ஒவ்வொன்றாக வறண்டன. "எதிரி எவனும் இதை அழிக்கவில்லை. ஆண்டுதோறும் இறங்கித் தூர் வாருவதை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்" என்றார் வழிகாட்டி.

கட்டியதும் இடித்ததும்

மராக்கேஷின் அரச வரலாற்றைச் சுருங்கச் சொல்வதானால், ஒருவர் கட்டியதை அடுத்தவர் இடித்த கதை எனலாம்.

அலி இப்னு யூசுப் 1120-களில் செம்மண்ணைச் சுண்ணாம்போடு கெட்டித்து மதில் எழுப்பினார். இன்றும் ஊரைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. மாலை வெயிலில் அது செம்பருத்தி நிறம் கொள்கிறது. அத்தனை பெரிய மதிலும் காக்கவில்லை. 1147-இல் அல்மொஹத்துகள் என்னும் மற்றோர் அமாசிக் கூட்டத்தார், அப்துல் முஃமின் தலைமையில், மலையிலிருந்து இறங்கி முற்றுகையிட்டு நகரைக் கைப்பற்றினர். முன்னவர்களின் அரண்மனையும் பள்ளிவாசலும் இடிந்தன. அல்மொராவித்துகளின் கட்டடங்களில் முழுமையாக மிஞ்சியது ஒரு சிறு குவிமாட மண்டபமே. அதுவும் மண்மூடிப் பிற்காலக் கட்டடங்களிடையே மறைந்து கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டது. இப்போது அதைக் காண நாம் தெரு மட்டத்திலிருந்து பல படிகள் கீழே இறங்க வேண்டும்.

அல்மொஹத்துகள் எழுப்பியதே நகரின் அடையாளமாகிய குத்துபிய்யா பள்ளிவாசல். அதன் கோபுரம் 77 மீட்டர் உயரம். உள்ளே படிகள் இல்லை, சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளமே உள்ளதாம். மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் பிற மதத்தார் செல்ல வழக்கமில்லை ஆதலால், வெளியே நின்றே வணங்கிப் பார்த்தோம். 'குத்துபிய்யா' என்றால் புத்தக வணிகருக்குரியது என்று பொருள். பள்ளிவாசலைச் சூழ்ந்து கையெழுத்துச் சுவடிகள் விற்கும் கடைகள் இருந்தமையால் அப்பெயர். வழிபாட்டுத் தலம் ஒன்று புத்தகக் கடையால் பெயர் பெற்றது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அரிஸ்டாட்டிலுக்கு உரை கண்டு ஐரோப்பாவின் கண்ணைத் திறந்த பேரறிஞர் இப்னு ருஷ்து, அல்மொஹத்து அரசவையில் பணிபுரிந்து, இதே நகரில் 1198-இல் காலமானார்.

1269-இல் மரீனிதுகள் வென்றனர். அவர்கள் தலைநகரம் வடக்கே பெஸ் நகரில். மராக்கேஷ் தேய்ந்தது. தேய்ந்த நிலையில் அதைக் கண்டு எழுதியவர் நமக்கு அறிமுகமான ஒருவர். தாஞ்சியரில் பிறந்து, தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் நீதிபதியாக இருந்து, 1340-களில் நம் மதுரைக்கும் வந்த இப்னு பதூதா அவர்களே. மதுரைச் சுல்தான் கியாசுத்தீனுக்கு உறவினர் அவர். இருவரும் மணந்தது அக்காள் தங்கையரை. அச்சுல்தான் மக்களுக்கு இழைத்த கொடுமைகளையும், மதுரையில் பரவிய கொள்ளை நோயையும் மறைக்காமல் பதிவு செய்தவர். சீனம் வரை சென்று திரும்பிய அவர் 1350-ஐ ஒட்டி மராக்கேஷ் சென்றார். நகரின் பெரும்பகுதி பாழடைந்து கிடப்பதைக் கண்டு, அதனைப் பாக்தாதுக்கு ஒப்பிட்டு, சந்தைகள் மட்டும் பாக்தாதில் சிறந்தவை என்று குறிப்பிட்டார். மதுரைத் தெருவை மிதித்த கால்கள் இத்தெருவையும் மிதித்தன என்று எண்ணியபோது என் உடல் சிலிர்த்தது. ஆனால் ஒன்றை அன்பர்கள் கருத வேண்டும். இப்னு பதூதா தம் பயண நூலைத் தம் கையால் எழுதவில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதி 1355-இல் முடித்தார். அதனாலேயே அன்றைய மதுரையைப் பற்றி அயலார் ஒருவரின் நேர்ச் சாட்சி நமக்குக் கிடைத்தது.

பொன்னும் புத்தகமும்

16-ஆம் நூற்றாண்டில் சாதியர் என்னும் வமிசத்தார் மராக்கேஷை மீண்டும் தலைநகராக்கினர். 1578-இல் போர்த்துக்கல் மன்னர் செபஸ்தியான் பெரும்படையோடு மொராக்கோவில் இறங்கி, போர்க்களத்திலேயே மடிந்தார். அவர் கோவாவுக்கும், நம் மயிலாப்பூர் சாந்தோம் கரையில் குடியேறிய போர்த்துக்கீசியருக்கும் மன்னராக இருந்தவர். வாரிசு இல்லாமையால் இரண்டே ஆண்டுகளில் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னர் கைக்குப் போயிற்று.

அப்போரின் முடிவில் அரியணை ஏறியவர் அகமது அல்-மன்சூர். சிறைப்பட்ட போர்த்துக்கீசியப் பிரபுக்களுக்காக வந்த மீட்புப் பணத்தைக் கொண்டு 'அல்-பாதி' என்னும் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். இத்தாலியப் பளிங்கை எடைக்கு எடை சர்க்கரை கொடுத்து வாங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மொராக்கோவின் கரும்பு ஆலைகள் அக்காலத்தில் புகழ் பெற்றவை. அவற்றில் உழைத்தவர்களுள் அடிமைகள் பலர். அரபியில் 'சுக்கர்', நம் வழக்கில் 'சர்க்கரை' எனும் இரண்டும் ஒரே இந்தியச் சொல்லின் பிள்ளைகள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

பொன்னாசை மேலும் தெற்கே இழுத்தது. 1590-இல் ஜுதர் என்னும் தளபதியின் கீழ் நாலாயிரம் பேர் அளவிலான படை, துப்பாக்கிகளோடு சஹாராவைக் கடந்தது. 1591 மார்ச்சு மாதத்தில் தொந்திபி என்னுமிடத்தில் சோங்காய்ப் பேரரசின் படை வீழ்ந்தது. வில்லும் ஈட்டியும் வெடிமருந்துக்கு எதிர் நிற்கவில்லை. பொன் மூட்டைகள் வந்தன, சுல்தான் 'பொன்னன்' என்று பெயர் பெற்றார். ஆனால் பொன்னோடு மனிதர்களும் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவர் திம்புக்து நகரத்துப் பேராசிரியர் அகமது பாபா. 1594-இல் மராக்கேஷ் வந்து சேர்ந்த அவர் சிறையில் வைக்கப்பட்டார். சுல்தானின் முன் நிறுத்தப்பட்டபோது தம் உயிருக்காக அவர் கெஞ்சவில்லை. தம் 1,600 நூல்கள் கொள்ளை போனதையும், தம் குடும்பத்தாருள் தம்முடையதே சிறிய நூலகம் என்பதையும் எடுத்துரைத்தார் என்று வரலாறு கூறுகிறது. விடுதலையான பின் இந்நகரிலேயே பாடம் சொன்னார். பிடித்து வந்தவர்களின் ஊரே அவரிடம் படித்தது. சுல்தான் மறைந்த பிறகு, 1608-இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. தோலின் நிறம் ஒருவனை அடிமையாக்கக் காரணமாகாது என்று பின்னர் அவர் எழுதிய தீர்ப்புரை இன்றும் படிக்கப்படுகிறது.

அல்-பாதி மாளிகை என்னவாயிற்று? மௌலாய் இஸ்மாயில் என்னும் பிற்கால மன்னர் (ஆட்சி 1672–1727) அதன் பளிங்கையும் மரத்தையும் பெயர்த்துத் தம் மெக்னெஸ் நகருக்குக் கொண்டு போனார். நாங்கள் பார்த்தது மொட்டைச் சுவர்களும், தாழ்ந்த தோட்டத்தில் ஆரஞ்சு மரங்களும், மதில் உச்சியில் கூடு கட்டிய நாரைகளுமே. என் மனைவி நெடுநேரம் நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை சண்டைக்கும் கடைசியில் குடியிருப்பது இவைதான்" என்றாள்.

சந்தைத் தெருக்கள்

இடிக்கப்படாமல் நிற்பது சந்தையே. கடைகள் எரிந்திருக்கலாம், மீண்டும் கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் தொழிலுக்கொரு தெரு என்னும் முறை மாறவில்லை. சாயக்காரர் தெருவில் தலைக்கு மேல் நூல் கற்றைகள் தொங்குகின்றன. கருமார் தெருவில் சம்மட்டி ஓசை. செருப்புத் தெருவில் மஞ்சள் நிறத் தோல் செருப்புகள் சுவர் முழுவதும். கீழ்வாயில் அருகே தோல் பதனிடும் தொட்டிகள். அங்கே நுழையுமுன் மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து ஒன்று கொடுக்கிறார்கள். ரஹ்பா என்னும் திடலில் சீரகம், இஞ்சி, மஞ்சள், குங்குமப்பூ எல்லாம் குவியல் குவியலாக. மஞ்சளைக் கையில் எடுத்து முகர்ந்த என் மனைவி, ஊர் மாரியம்மன் கோயில் நினைவு வந்துவிட்டது என்றாள்.

இவற்றிடையே 'புந்துக்' எனப்படும் பழைய சத்திரங்கள் உள்ளன. நடுவே முற்றம், கீழே சரக்கும் விலங்குகளும், மாடியில் வணிகர் தங்கும் அறைகள். பார்த்தவுடனே இது சரக்கு நிலையம் என்று தெரிந்துகொண்டேன். முன்னாளில் 'முஹ்தசிப்' என்னும் அதிகாரி சந்தையின் எடையையும் அளவையும் விலையையும் சரிபார்த்தார். ஒவ்வொரு தொழிலுக்கும் 'அமீன்' என்னும் நாட்டாண்மைக்காரர் இருந்து வழக்குகளைத் தீர்த்தார். ஓலையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நாற்பது நாள் பாலைவனத்துக்கு அப்பால் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் இத்தகைய வணிகம் நடந்திராது. சரக்கு ரசீது எழுதுபவனுக்கு அதன் மதிப்பு தெரியும்.

ஆயினும் சந்தையின் புகழ் மட்டும் பாடுதல் நியாயமாகாது. கம்பளங்கள் ஏலமிடப்படும் ஒரு சிறு முற்றத்துக்கு வழிகாட்டி எங்களை அழைத்துச் சென்றார். செந்நிறக் கம்பளங்கள் விரிந்து கிடந்தன. "1912 வரை இங்கே ஏலம் போனவர்கள் மனிதர்கள்" என்றார். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆணும் பெண்ணும் குழந்தையும். அகமது பாபா எழுதிய மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அது நடந்தது. அங்கே ஒரு கல்வெட்டையும் நான் காணவில்லை. என் மனைவி ஒரு கம்பளத்தை விலை கேட்டுக்கொண்டிருந்தவள், கேட்டபின் வாங்காமலே எழுந்துவிட்டாள்.

1912-இல்தான் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தது. பிரெஞ்சுக்காரர் பழைய ஊரை அப்படியே விட்டு, வெளியே கெலீஸ் என்னும் புதுநகரைக் கட்டினர். 1956-இல் நாடு விடுதலை பெற்றது. 1994 ஏப்ரல் 15-ஆம் நாள், இந்தியா உட்படப் பல நாடுகள் இந்நகரில் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் உலக வர்த்தக நிறுவனம் பிறந்தது. ஒட்டகச் சந்தையாக எழுந்த ஊரில் உலகச் சந்தையின் சட்டம் எழுதப்பட்டது பொருத்தமே.

சொல்லுக்கு ஒரு சதுக்கம்

இனி, நான் இக்கட்டுரை எழுதியதற்கு மெய்யான காரணத்துக்கு வருகிறேன். சந்தையின் தென்முகப்பில் ஜமா எல்-பனா என்னும் பெரிய திடல் உள்ளது. பகலில் ஆரஞ்சுச் சாறு விற்போரும், பாம்பாட்டிகளும், மருதாணி இடுவோருமே. பொழுது சாய்ந்ததும் அடுப்புப் புகை எழ, கூட்டம் வட்டம் வட்டமாகச் சேர்கிறது. ஒரு வட்டத்துக்கு 'ஹல்கா' என்று பெயர். நடுவே ஒரு பாடகர், அல்லது கூத்தர், அல்லது கதை சொல்லி.

நாங்கள் நின்ற வட்டத்தில் வெண்தாடிக் கிழவர் ஒருவர் கையில் கோலோடு கதை சொன்னார். மொழி எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் அரசன் பேசுவதும் கிழவி பேசுவதும் குரலில் தெரிந்தன. கதை உச்சிக்கு ஏறும் வேளையில் சட்டென்று நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி நீட்டினார். எல்லாரும் சிரித்துக்கொண்டே காசு போட்டார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் கூத்துக்கட்டுகிற கட்டியங்காரன் செய்வதும் அதுவேயன்றோ!

இத்திடலில் காக்கப்பட வேண்டிய பெருங்கட்டடம் ஒன்றும் இல்லை. 1990-களில் இதையொட்டி உயர்ந்த கட்டடம் எழுப்பும் யோசனை வந்தபோது, இங்கே குடியேறி வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ எதிர்த்து எழுதினார். கல்லைப் பாதுகாக்கும் உலகம் சொல்லையும் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் யுனெஸ்கோவில் வலுப்பெற்றதற்கு இத்திடலும் ஒரு காரணம். பழைய நகரம் 1985-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2001-இல் யுனெஸ்கோ முதன்முறையாக வாய்மொழி மரபுகளுக்கென வெளியிட்ட 19 பெயர்ப் பட்டியலில் இத்திடலின் கலைமரபு இடம்பெற்றது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கூடியாட்டமும் அதே பட்டியலில் உண்டு.

பட்டியலில் சேர்ந்ததனால் கதைகள் பிழைத்தனவா? வழிகாட்டி தலையசைத்தார். தம் சிறுவயதில் ஒரே மாலையில் பல கதைசொல்லிகள் இருந்தனர் என்றும், இப்போது சில நாட்களில் ஒருவரும் வருவதில்லை என்றும் சொன்னார். திடலின் ஓரத்தில் இருந்த சிறு பள்ளிவாசலின் கோபுரம் 2023 செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு நிலநடுக்கத்தில் விழுந்தது. அந்த இரவு மலைச் சிற்றூர்களிலும் நகரிலுமாக மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் மாண்டனர். "கோபுரத்தைக் கட்டிவிடலாம். மலையில் அன்றிரவு செத்த கிழவிகளின் தலைக்குள் இருந்த பாட்டுகளை யார் கட்டுவது?" என்று அவர் கேட்டார். அவருடைய அத்தையும் அவர்களுள் ஒருத்தி. நாங்கள் பதில் சொல்லவில்லை.

தாய்மொழியும் பள்ளிக்கூடமும்

புதினாத் தேநீர்க் கடையில் அமர்ந்து அவர் தம் கதையைச் சொன்னார். வீட்டில் தாய் பேசியது தஷெல்ஹித் என்னும் அமாசிக் மொழி. இந்த நகரை நிறுவிய வமிசங்களின் மொழியும் அதன் உறவுமொழிகளே. ஆனால் அவர் பள்ளி சென்ற காலத்தில் அது வகுப்பறைக்குள் நுழையவில்லை. பள்ளியில் அரபியும் பிரெஞ்சும் மட்டுமே. ஊர்ப் பேச்சை வாயில் எடுத்தால் உடன் படித்தவர்கள் சிரிப்பார்களாம். நகருக்கு வேலைக்கு வந்தபின் தம் மூத்த மகனிடம் அரபியிலேயே பேசி வளர்த்தார். "அவன் என் தாயிடம் பேச வேண்டுமானால் நான் நடுவே நின்று மொழிபெயர்க்க வேண்டும்" என்றார்.

பிறகு காலம் மாறிற்று. 2001-இல் அமாசிக் பண்பாட்டுக்கென அரசு ஒரு கழகம் நிறுவியது. 2003-இல் பண்டைய திஃபினாக் எழுத்து பள்ளிக்கென ஏற்கப்பட்டு, பாடம் தொடங்கிற்று. 2011-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதனை அரபியோடு சேர்ந்த ஆட்சிமொழியாக்கியது. அவருடைய கடைசி மகள் இப்போது அந்த எழுத்தைப் படிக்கிறாள். "எழுத்து எனக்குத் தெரியாது. சொல் அவளுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு இப்னு பதூதாவும் இப்னு ஜுஸையும் நினைவுக்கு வந்தனர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் என் தாயார் இருக்கிறார், வயது 78. நல்லதங்காள் கதையையும், மதுரை வீரன் கதையையும், எங்கள் ஊர் ஏரிக்கரை ஐயனார் கதையையும் அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். என் மகளுக்குப் பதினான்கு வயது. பாட்டி பேசுவது அவளுக்கு விளங்கும், பதில் வருவது இந்தியில். கண்டித்ததும் உண்டு, "வீட்டில் தமிழ் பேசு" என்று சத்தம் போட்டதும் உண்டு. ஆனால் பாட்டியை உட்காரவைத்துக் கதை கேட்டது ஒரு நாளும் இல்லை. டூட்டி, ஓவர்டைம், ரேஷன், டியூஷன் என்று நாள் போயிற்று. நம் மொழிக்கு இரண்டாயிரம் ஆண்டு எழுத்து உண்டு, அச்சுண்டு, அரசுண்டு. அமாசிக் மக்களின் நிலை நமக்கில்லை என்று நாம் மார்தட்டலாம். ஆனால் இந்தக் காலனியின் ஒரு வீட்டுக்குள், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே நான் மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் நாள் தொலைவில் இல்லை என்பது என் நெஞ்சுக்குத் தெரியும். தூர் வாராத கால்வாய் எதுவாயினும் வறளும்.

திரும்பி வந்ததும் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் என் தாயார் கதை சொல்கிறார். முதல் வாரம் வந்தவர்கள் நான்கு குழந்தைகள். அதில் இருவர் பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டனர். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். என் மகள் தன் நோட்டில் எழுதுகிறாள். தமிழ் எழுத்து தடுமாறுவதால் நடுநடுவே இந்தி எழுத்திலும் எழுதுகிறாள். நான் இப்போது கண்டிப்பதில்லை.

அன்பர்களே, நம் காலனியில் என் தாயாரைப் போன்றவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். தஞ்சைக் கதையும், நெல்லைக் கதையும், கொங்குக் கதையும் அறிந்தவர்கள். அவர்களைச் சனிக்கிழமை மாலை அழைத்து வாருங்கள். நாற்காலி எங்கள் வீட்டில் உண்டு, காப்பியும் உண்டு. அழைத்து வர முடியாதவர்கள் வீட்டிலேயேனும் அருகில் அமர்ந்து கேளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!